கணக்கை விட்டு வந்தவர் புள்ளியியலை எங்கிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டையில் வசிக்கும், சமூகவியல் முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டேன், இப்போது புள்ளியியல் ஒரு தாளாக வந்து நிற்கிறது, அடுத்த ஆண்டு காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும், சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிவிடலாம், ஆனால் ஆய்வேட்டில் எதை எங்கே பயன்படுத்துவது என்று விளங்கவில்லை, எங்கிருந்து, எந்த வரிசையில் படிப்பது?

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள். வீடு வீடாகச் சென்று எடுக்கும் கணக்கெடுப்புகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்திருக்கிறேன். சமூகவியல், சமூகப்பணி மாணவர்களுக்கு இந்தத் தாளைக் கற்பித்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடிப்படைப் புள்ளியியலுக்குத் தேவையான கணக்கு, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம், வர்க்கமூலம் ஆகியவைதான். வர்க்கமூலத்தைக் கைபேசி போட்டுத் தந்துவிடும். என் வகுப்பில், மேல்நிலையில் கணக்குப் படித்துவிட்டு வந்தவர்கள் திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்ற அளவை) பிழையில்லாமல் கண்டுபிடித்துவிட்டு, அந்த எண் அந்தத் தெருவைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால் திகைத்து நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழிலக்கியமும் வரலாறும் படித்து வந்தவர்கள் “இந்த எண்ணை யார், யாரிடம், எப்படிக் கேட்டு எடுத்தார்கள்?” என்று முதல் நாளே கேட்டிருக்கிறார்கள். புள்ளியியலின் முதல் கேள்வி அதுதான். எனவே கணக்கு வராது என்ற அச்சத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

பாடத்திட்டம் பெரும்பாலும் சூத்திரத்தில் தொடங்கிச் சோதனையில் முடிகிறது. நான் சொல்லும் வரிசை வேறு. ஓர் எண் எப்படி உருவாகிறது என்பது முதலில். அந்த எண்கள் ஒரு தொகுதியாகச் சேரும்போது எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது அடுத்து. சிலரைக் கேட்டுவிட்டுப் பலரைப் பற்றிப் பேசும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பது மூன்றாவது. அந்தப் பேச்சில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பது நான்காவது. கண்ட வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கை வர்க்கம், டி சோதனை ஆகியவையும், ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று காட்டும் தொடர்புப் போக்கும் அதற்குப் பின்னர்தான். நான்காவது படி புரிந்துவிட்டால் சோதனைகள் அனைத்தும் அதன் கிளைகளாகத் தெரியும். அது புரியாவிட்டால் ஒவ்வொரு சோதனையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய சடங்காகிவிடும்.

முதல் படியைப் புத்தகத்தில் கற்க முடியாது. நாற்பது வரிகள் கொண்ட ஓர் அட்டவணையை நீங்களே கேட்டு, நீங்களே எழுதி உருவாக்க வேண்டும். இது நம் ஊரில் புதிய வழியும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915-ல் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், குடும்பம், கடன், கூலி ஆகிய விவரங்களைத் திரட்டச் செய்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அந்த விவரங்கள் 1918-ல் அச்சேறின. 1930-களில் அதே ஊர்களுக்கு மற்றவர்கள் மீண்டும் சென்றார்கள். இருவேல்பட்டுக்கு அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். அந்த மாணவர்கள் யாரும் புள்ளியியல் வல்லுநர்கள் அல்லர். அவர்கள் கவனமாகக் கேட்டு எழுதியதால்தான் பிற்காலத்தவர் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடித்தளம் கிடைத்தது.

கேட்டு எழுதுவதில் என்ன கடினம் என்று தோன்றலாம். ராயபுரத்தில் ஒரு கணக்கெடுப்பின்போது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் “வேலைக்குப் போறீங்களாக்கா?” என்று கேட்டேன். “இல்லம்மா, வூட்லதான் கீறேன்” என்றார். அப்படிச் சொல்லும்போதே அவர் கை இறாலை உரித்துக்கொண்டிருந்தது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிச் செய்யும் வேலை அது. படிவத்தில் “வேலை இல்லை” என்று குறித்திருந்தால் அந்த எண் பொய்யாகியிருக்கும். அவரும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கேள்விதான் தவறு. “போன வாரத்தில் காசு வரும்படி எதையாவது விற்றீர்களா, உரித்தீர்களா, கட்டினீர்களா, தைத்தீர்களா?” என்று கேட்டால் விடை மாறும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்டுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தவரை முதன்மைத் தொழிலாளர் என்றும், அதற்குக் குறைவாக உழைத்தவரைக் குறுகிய காலத் தொழிலாளர் என்றும் பிரிக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் வரத்தை நம்பிப் பிழைப்பவர் மற்ற மாதங்களிலும் விட்டு விட்டுத்தான் விற்கிறார் என்றால், அவர் எந்தப் பிரிவில் விழுவார் என்பது அந்த ஆறு மாத வரையறையைப் பொறுத்தது. வரையறை மாறினால் காசிமேட்டில் உழைக்கும் பெண்களின் எண்ணிக்கையே மாறும்.

அரசு வெளியிடும் எண்களையும் இதே கண்ணோடு படியுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 சதவீதம் என்கிறோம். அது ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் வகுஎண்ணாகக் கொண்டது. அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் 1000 ஆண்களுக்கு 943 பெண்கள். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 1000 ஆண்களுக்கு 1020 பெண்கள் என்றது. நாட்டில் பெண்களின் எண்ணிக்கை பத்தாண்டுக்குள் தாவிக் குதித்துவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். அந்த ஆய்வின் எண், தேர்ந்தெடுத்த வீடுகளில் முந்தைய இரவு தங்கியிருந்தவர்களைக் கொண்டு கணக்கிட்டது. வேலை தேடி வெளியூர் சென்று தங்குமிடத்திலும் முகாமிலும் படுத்துறங்கும் ஆண்கள் அதில் முழுமையாக அகப்படமாட்டார்கள். இரண்டு எண்களும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இரண்டையும் அருகருகே வைத்து வளர்ச்சி என்று சொல்வது பிழை.

மாறிகளின், அதாவது ஆளுக்கு ஆள் மாறும் விவரங்களின், வகைகளை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். மதம், தொழில் போன்றவை வெறும் பெயர்கள். “மிகவும் திருப்தி, திருப்தி, அதிருப்தி” போன்றவற்றில் வரிசை உண்டு, ஆனால் படிகளுக்கிடையே உள்ள தூரம் தெரியாது. வயது, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவை உண்மையான அளவுகள். ஒன்று முதல் ஐந்து வரை குறியிட்ட ஒரே ஒரு மனப்பான்மைக் கேள்விக்குச் சராசரி 3.47 என்று இரண்டு தசமத்தில் எழுதுவதை ஆய்வேடுகளில் நிறையப் பார்க்கிறேன். எத்தனை பேர் எந்த விடையைச் சொன்னார்கள் என்று சதவீதத்தில் எழுதுவது அதைவிட நேர்மையானது, படிப்பவருக்கும் பயன்படும்.

சராசரிக்கு வருகிறேன். கற்பனையாக ஒன்பது மீன் விற்கும் பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் வருமானம் 250, 300, 300, 350, 400, 400, 450, 500, 2450 ரூபாய். கடைசியில் உள்ளவர் ஏலத்தில் மொத்தமாக வஞ்சிரம் எடுத்து ஓட்டல்களுக்கு அனுப்புபவர். கூட்டினால் 5400, ஒன்பதால் வகுத்தால் சராசரி 600. ஆனால் ஒன்பது பேரில் எட்டுப் பேர் 600 ரூபாயைத் தொடவே இல்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் இருக்கும் ஐந்தாமவரைப் பார்த்தால் 400, அதுதான் இடைநிலை. “மீன் விற்கும் பெண்ணின் சராசரி வருமானம் 600 ரூபாய்” என்று எழுதினால் கணக்கு சரி, செய்தி தவறு. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஒருவர் உதவித்தொகை தேவையில்லை என்று முடிவெடுத்தால் பாதிக்கப்படுபவர் அன்னக்கூடையோடு தெருத்தெருவாக நடக்கும் பெண். வருமானம், கடன், மருத்துவச் செலவு, நிலம் ஆகியவற்றில் இந்த நிலை எப்போதும் வரும். அவற்றுக்கு இடைநிலையை முதலில் எழுதுங்கள், சராசரியை அருகில் வையுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியே ஆய்வுக்குரிய செய்தி. முகடு என்பது அதிகமுறை வரும் மதிப்பு. பெயர் வகை மாறிகளுக்கு அது போதும்.

பரவலைச் சராசரியை விட முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு தெருவில் ஐந்து பேரின் வருமானம் 380, 390, 400, 410, 420. அடுத்த தெருவில் 100, 200, 400, 600, 700. இரண்டிலும் சராசரி 400, இடைநிலையும் 400. முதல் தெருவில் எல்லாரும் ஒரே நிலையில் வாழ்கிறார்கள். இரண்டாம் தெருவில் ஒருவர் மற்றவருக்கு வட்டிக்குக் கொடுக்கும் நிலை. திட்ட விலக்கம் இந்த வேறுபாட்டுக்கு ஓர் எண்ணைத் தருகிறது. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்க்கிறோம். கூட்டினால் கூடுதலும் குறைதலும் அடித்துப்போய்ப் பூச்சியம் ஆகிவிடும் என்பதால் விலகல்களை வர்க்கப்படுத்துகிறோம். கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து மீண்டும் ரூபாய்க்குத் திரும்புகிறோம். முதல் தெருவுக்கு ஏறத்தாழ 14 ரூபாய், இரண்டாம் தெருவுக்கு ஏறத்தாழ 228 ரூபாய். (மாதிரியிலிருந்து, அதாவது பலருக்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்த சிலரிடமிருந்து, கணக்கிடும்போது ஐந்தால் வகுக்காமல் நான்கால் வகுப்பார்கள், அதன் காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.) இந்தக் கணக்கைத் தாளில் கையால் ஒரு முறையாவது செய்யுங்கள். ஒரு முறை செய்தவருக்குச் சூத்திரம் மறக்காது. மறந்தாலும் தானே எழுதிக்கொள்வார்.

இனி மாதிரி. கல்லூரி ஆய்வேடுகளில் நான் காணும் குறைகளில் பாதிக்கு மேல் இங்கேதான். “காசிமேட்டில் 60 பெண்களிடம் கேட்டேன்” என்பது மாதிரியின் விளக்கம் ஆகாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் நின்றீர்கள்? விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் நின்றால் ஏலம் எடுக்கக் கையில் முதலீடு உள்ளவர்கள் கிடைப்பார்கள். பத்து மணிக்குச் சந்தையில் நின்றால் கடை போட்டவர்கள் கிடைப்பார்கள். தலையில் சுமந்து கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி வரை போய்விட்டவர்களும், அன்று உடம்புக்கு முடியாமல் வீட்டில் படுத்துவிட்டவர்களும் இரண்டிலும் வரமாட்டார்கள். மீன் வாங்கப் போகும் பெண்கள் கூடையின் மேலடுக்கைப் பார்த்து விலை பேசுவதில்லை; கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை எடுத்துப் பார்த்துத்தான் பேசுவார்கள். மேலடுக்கில் எது வைக்கப்பட்டிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எளிதில் கைக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்பது மேலடுக்கைப் பார்த்து விலை பேசுவதற்குச் சமம்.

மாதிரியின் அளவு இந்தக் குறையைத் தீர்க்காது என்பதற்கு 1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் என்றைக்கும் நல்ல பாடம். லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பெற்று வென்றார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். இதழ் முகவரிகளை எடுத்த தொலைபேசிப் பட்டியலிலும் கார் உரிமையாளர் பட்டியலிலும் பெயர் இருந்தவர்கள், அந்தப் பொருளாதார மந்த காலத்தில், வசதியானவர்கள்; அவர்களிலும் அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் கால்பங்கினர்தான். பட்டியலும் ஒருபக்கம் சாய்ந்தது, விடை தந்தவர்களும் ஒருபக்கம் சாய்ந்தார்கள்.

எனவே முதல் வேலை பட்டியல். ஒரு குடியிருப்பைத் தேர்ந்துகொண்டு, வீடு வீடாகப் போய், மீன் விற்கும் பெண் இருக்கும் வீடுகளை மட்டும் எண்ணிட்டு எழுதுங்கள். 240 வீடுகள் வந்து, 60 பேர் வேண்டும் என்றால், நான்கு வீட்டுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து நான்குக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஓர் எண்ணை எடுங்கள். மூன்று வந்தால் 3, 7, 11 என்று எடுத்துக்கொண்டே போகலாம். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. மாலையில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை திரும்பப் போக வேண்டும். பகலில் பூட்டிய வீடு என்பது உழைக்கப் போனவர் வீடு. அதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டை எடுத்தால் உழைப்பவர்களை உங்கள் ஆய்விலிருந்து நீங்களே அகற்றிவிடுகிறீர்கள். எல்லா வீடுகளிலிருந்தும் இவ்வாறு எடுக்கும் ஆய்வானால், ஹவுசிங் போர்டு அடுக்கங்களில் இன்னொரு கவனம் தேவை. ஒரு மாடிக்கு எட்டு வீடு உள்ள கட்டடத்தில் எட்டுக்கு ஒன்று என்று எடுத்தால், எல்லா மாடியிலும் ஒரே இடத்து வீடுதான் வரும். அது மூலை வீடாகவோ மாடிப்படியை ஒட்டிய வீடாகவோ இருந்தால், காற்றும் தண்ணீரும் சத்தமும் வேறுபட்ட வீடுகளை மட்டும் ஆராய்ந்திருப்பீர்கள். அங்கே ஏழு அல்லது ஒன்பது என்று இடைவெளியை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் மாதிரிக் கணக்கெடுப்பை வளர்த்த பி. சி. மகலனோபிஸிடமிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதில் முதன்மைப் பங்கு அவருடையது. ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்து, இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய முறை. நீங்களும் ஒரு தோழியும் முப்பது முப்பது வீடுகளாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஆனால் ஆளுக்கொரு தெரு என்று பிரிக்காமல், இருவருடைய வீடுகளும் குடியிருப்பு முழுவதும் கலந்திருக்கும்படி சீட்டுப் போட்டுப் பிரிக்க வேண்டும். கந்துவட்டி பற்றிய கேள்விக்கு உங்கள் முப்பதில் பதினெட்டுப் பேர் “ஆம்” என்று, தோழியின் முப்பதில் நான்கு பேர்தான் “ஆம்” என்றால், அந்த வேறுபாடு மக்களிடம் இல்லை. கேட்ட விதத்தில் இருக்கிறது.

நான்காவது படியைச் சமையலறைப் பொருளை வைத்தே கற்கலாம். 500 புளியங்கொட்டைகளை எடுத்து, 200 கொட்டைகளில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். அதாவது உண்மை 40 சதவீதம். அதை நீங்கள் அறிவீர்கள். ஒரு பையில் போட்டு நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 25 எடுத்து, புள்ளி வைத்தவை எத்தனை என்று எழுதிவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். முப்பது முறை செய்யுங்கள். ஒரு முறை 10 வரும், ஒரு முறை 8, ஒரு முறை 13. பெரும்பாலானவை 5-க்கும் 15-க்கும் நடுவில், அதாவது 20 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் விழும். பையில் எதுவும் மாறவில்லை. நீங்களும் தவறு செய்யவில்லை. இருந்தும் விடை இவ்வளவு அலைகிறது. பிறகு 100 எடுத்துப் பாருங்கள். அலைச்சல் சுருங்கி, ஏறத்தாழ 30-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கும். இந்த அலைச்சலின் அளவுதான் திட்டப் பிழை.

களத்தில் உங்களுக்குக் கிடைப்பது அந்த முப்பது முறைகளில் ஒரே ஒரு முறை. அது எந்த முறை என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால் அலைச்சல் எவ்வளவு இருக்கும் என்பதைக் கணக்கிடலாம்: சதவீதத்தைப் பின்னமாக்கி, அதை ஒன்றிலிருந்து கழித்து வருவதோடு பெருக்கி, மாதிரி எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். நூறு பேரில் பாதிப் பேர் “ஆம்” என்றால் திட்டப் பிழை 5 சதவீதம். அதன் ஏறத்தாழ இரண்டு மடங்கை இருபுறமும் வைத்தால் 40 முதல் 60 வரை. இதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி: மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து இப்படிப் போட்டால், நூற்றில் ஏறத்தாழ 95 இடைவெளிகளுக்குள் உண்மை இருக்கும். 400 பேரானால் 45 முதல் 55 வரை. பிழையைப் பாதியாக்க மாதிரி நான்கு மடங்காக வேண்டும். உங்கள் 60 பேரில் பாதிப் பேர் கடனில் இருக்கிறார்கள் என்று வந்தால், 37-லிருந்து 63 சதவீதம் வரை எங்கும் உண்மை இருக்கலாம். (240 பேரில் கால்பங்கையே எடுத்துவிட்டதால் பிழை சற்றுக் குறையும், அதற்கு ஒரு திருத்தம் உண்டு.) “மக்கள்தொகையில் பத்துச் சதவீதம் எடுக்க வேண்டும்” என்று மாணவர்களிடையே வழங்கும் விதிக்கு அடிப்படை கிடையாது. 2011-ல் 46 லட்சம் பேர் இருந்த சென்னை மாவட்டமானாலும், 7.21 கோடிப் பேர் இருந்த தமிழ்நாடானாலும், முறையாக எடுத்த 400 பேரின் மாதிரி தரும் துல்லியம் ஒன்றுதான். நம் உள்ளுணர்வு இதை ஏற்க மறுக்கும். புளியங்கொட்டையை 500-க்குப் பதில் 2000 ஆக்கி, அதே 40 சதவீதத்தோடு 25 எடுத்துப் பார்த்தால் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது சோதனைகளுக்குப் போகலாம். ஒன்றை நன்றாகக் கற்றால் போதும். கை வர்க்கத்தை எடுத்துக்கொள்வோம். கார்ல் பியர்சன் 1900-ல் வகுத்தது. மீண்டும் கற்பனை எண்கள்: 100 வீடுகள், 40 வீடுகளில் குழாய் இணைப்பு உண்டு, 60 வீடுகள் தெருக்குழாயையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. போன மாதம் பெண்பிள்ளை ஒரு நாளாவது பள்ளிக்குப் போகாமல் நின்ற வீடுகள், இணைப்பு உள்ளவற்றில் 8, இல்லாதவற்றில் 27. சதவீதத்தை எந்தப் பக்கம் எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள்: காரணம் என்று நீங்கள் கருதும் பக்கத்தின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். 40-ல் 8 என்பது 20 சதவீதம். 60-ல் 27 என்பது 45 சதவீதம். தண்ணீருக்கும் பள்ளிக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன வந்திருக்கும்? மொத்தத்தில் 35 வீடுகளில் பிள்ளை நின்றிருக்கிறது, அதாவது 35 சதவீதம். அப்படியானால் 40-ல் 14-ம் 60-ல் 21-ம் வந்திருக்க வேண்டும். நிற்காத வீடுகளுக்கு அதேபோல் 26, 39. நான்கு கட்டங்களிலும் கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் வேறுபாடு 6. அதை வர்க்கப்படுத்தி 36 ஆக்கி, முறையே 14, 21, 26, 39 ஆகியவற்றால் வகுத்துக் கூட்டினால் ஏறத்தாழ 6.59. இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு, வழக்கமான 0.05 அளவில், எல்லை மதிப்பு 3.84. நம் எண் அதைத் தாண்டிவிட்டது. பி மதிப்பு ஏறத்தாழ 0.01. எதிர்பார்க்கும் எண் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஐந்துக்குக் கீழே போனால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 0.01 என்ன சொல்கிறது? தொடர்பே இல்லாத ஒரு குடியிருப்பில் இதேபோல் நூறு நூறு வீடுகளை மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டே போனால், இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக நூற்றில் ஒரு முறைதான் வரும் என்கிறது. பையில் கை விடும் அதே கதைதான். நம் கருதுகோள் 99 சதவீதம் உண்மை என்று அது சொல்லவில்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் தனி அறிக்கையே வெளியிட்டு இந்தத் தவறான பொருளைக் கண்டித்தது. 0.05 என்ற எல்லையும் இயற்கை விதி அல்ல. 1920-களில் புள்ளியியலாளர் ஃபிஷர் வசதியானது என்று சொல்லிப் பயன்படுத்தியது வழக்கமாக நிலைத்துவிட்டது. அந்த எல்லைக்குக் கீழே வந்தது என்பதால் “சிக்னிஃபிகன்ட்” என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். 20 சதவீதத்துக்கும் 45 சதவீதத்துக்கும் உள்ள அந்த 25 புள்ளி வேறுபாட்டை முதல் வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு பிள்ளையின் பள்ளி நாள் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று: ஒருவர் காட்ட அடுத்தவர், அவர் காட்ட இன்னொருவர் என்று ஆட்களைச் சேர்த்திருந்தால், அந்த எண்களின்மேல் இந்தச் சோதனையைப் போடாதீர்கள். அது சீட்டுப் போட்டு எடுத்த மாதிரிக்கான கணக்கு. அப்படிச் சேர்த்தவர்களைப் பற்றி விரிவாக விவரித்து எழுதலாம், அதில் எந்தக் குறையும் இல்லை.

அந்த வேறுபாட்டுக்குத் தண்ணீர்தான் காரணமா என்பதைச் சோதனை சொல்லாது. குழாய் இணைப்பு இல்லாத வீடு வறிய வீடாகவும் இருக்கலாம். தாய் விடியற்காலையில் மீன் எடுக்கப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெண் நின்றிருக்கலாம். தாய் விடியற்காலை வேலைக்குப் போகும் வீடுகளை மட்டும் தனியே எடுத்து அதே அட்டவணையைப் போடுங்கள். போகாத வீடுகளுக்கும் தனியே போடுங்கள். இரண்டிலும் வேறுபாடு நின்றால் தண்ணீரின் பங்கு வலுப்படுகிறது. இரண்டிலும் மறைந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பலமாறித் தொடர்புப் போக்கு என்று பெரிய பெயரில் வருவது, பல அட்டவணைகளை இப்படித் தனித்தனியாகப் போடும் வேலையை ஒரே சமன்பாட்டில் செய்வதுதான்.

இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து கூடிக் குறைகின்றன என்பதை மைனஸ் ஒன்றுக்கும் பிளஸ் ஒன்றுக்கும் நடுவில் சொல்லும் எண் ஒட்டுறவுக் கெழு. அதில் ஓர் எச்சரிக்கை மட்டும். வார்டு வாரியான எண்கள் எளிதில் கிடைப்பதால், அவற்றை வைத்துத் தனி மனிதர்களைப் பற்றி முடிவு சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950-ல் இதன் ஆபத்தைக் காட்டினார். 1930 கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு; ஒட்டுறவு மைனஸ் 0.53. தனி மனிதர் அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறியாமை சற்று அதிகம், பிளஸ் 0.12. குறியே மாறிவிட்டது. வந்தவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள் என்பதுதான் காரணம். மணலியையும் எண்ணூரையும் பற்றி வார்டு எண்ணை வைத்து எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

படிக்க எதை எடுப்பது என்றால், தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் பாடநூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதுகலை படிக்கும்போது பள்ளிப் பாடநூலா என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் தாளின் பெரும்பகுதி அதில் இருக்கிறது, கலைச்சொற்களும் பழகிவிடும். மென்பொருளுக்கு அவசரம் இல்லை. நாற்பது வரி அட்டவணையை முதலில் தாளில், பிறகு எக்செல்லில், அதற்குப் பின் ஜமோவியில் போடுங்கள். ஜமோவியும் ஆர் மென்பொருளும் காசில்லாமல் கிடைப்பவை. விலை கொடுத்து வாங்க வேண்டிய எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் திருட்டுப் படியை யாரிடமும் வாங்காதீர்கள். மென்பொருள் தரும் எண்ணைக் கையால் ஒரு முறையாவது சரிபார்த்தவருக்குத்தான் அது தவறும்போது தெரியும். பயிற்சி கூடியபின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குடும்பவாரித் தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் எடுத்து, தமிழ்நாட்டுக்கு மட்டும் ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு காலக்கணக்கு. கேள்விகளை இப்போதே எழுதி, உங்கள் தெருவிலேயே ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியில் அவர்கள் தயங்குகிறார்கள் என்பதை ஓரத்தில் குறியுங்கள், அந்தக் கேள்வியை மாற்றுங்கள். டிசம்பருக்குள் பட்டியலை முடித்துவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை நேர்காணல் செய்யலாம். ஏப்ரல் 15-க்குப் பின் அதே 60 பேரில் இருபது பேரைச் சீட்டுப் போட்டு எடுத்து, தடைக்காலத்தில் மீண்டும் ஒரு முறை போய் அதே வருமானக் கேள்வியையும் கடன் கேள்வியையும் கேளுங்கள். அந்த இருபது பேருக்கும் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒவ்வொருவருக்கும் வேறுபாட்டைக் கழித்து, அந்த இருபது வேறுபாடுகளுக்கும் சராசரியும் திட்டப் பிழையும் காணுங்கள். இணை டி சோதனை என்று உங்கள் பாடத்தில் வருவது அந்த இருபது கழித்தல்களின்மேல் செய்யும் கணக்குதான்.